இழுவைப் படகு ஒதுங்குமிடம்

மேஸ்திரி கொரிந்துக் கால்வாயின் இரு கரையிலும் ஒவ்வொரு காலை ஊன்றி நின்று, டம்ளரின் அடியைச் சட்டை ஓரத்தால் துடைத்தார். இடமிருந்து வலம் ஒரு துடைப்பு, வலமிருந்து இடம் ஒரு துடைப்பு. பிறகு டம்ளரைக் கண்ணுக்கு மேலே உயர்த்தி, அடியில் சொட்டு ஏதும் தொங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். அதன் பிறகுதான் முதல் வாய் டீ.

அந்த நேரம் பார்த்து அவருடைய கால்களுக்கு நடுவே ஒரு சரக்குக் கப்பல் வந்தது. கப்பலுக்குள்ளிருந்து ஒரு கேப்டனின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, நகருங்க!"

"பாலம்னு நெனைச்சுக்குங்க சார். குனிஞ்சு போங்க."

"நெஜக் கால்வாயில பாலம் தண்ணிக்குள்ள முங்கி வழி விடும்யா."

"எனக்கு இந்த வயசுல முங்க முடியாது சார். சளி பிடிச்சுக்கும்."

இருபது வருடம் கடலில் கழித்த கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு போனார். மேஸ்திரி இரண்டாவது வாய் குடித்தார்.

பெரிய கப்பல்களைக் கால்வாய்க்குள் கைபிடித்து அழைத்துப் போகும் பைலட்டுகளுக்கான பயிற்சிக்கூடம் இது. நாலு ஏக்கர் குளம். கப்பல்கள் நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. முந்நூறு மீட்டர்க் கப்பல் இங்கே பன்னிரண்டு மீட்டர். பேட்டரியில் ஓடும். உள்ளே உட்கார்ந்தால், நிஜக் கப்பலின் உச்சியில் நிற்பவரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, கணக்குப்படி அவ்வளவு உயரத்தில் கேப்டனின் கண் இருக்கும். கால்வாய்களுக்கும் அதே கணக்கு. சூயஸில் நாலரைக் கிலோமீட்டர்த் துண்டு ஒன்று, இங்கே நூற்றெண்பது மீட்டர். பனாமாவில் மலையை வெட்டிய இடமும், கப்பலைத் தண்ணீரோடு மேலே ஏற்றும் ஒரு நீர்ப்பூட்டும். கீல் கால்வாயின் ஒரு வளைவு. கொரிந்து மட்டும் ஒல்லி. கரைக்குக் கரை ஒரு மீட்டர்கூட இல்லை. எல்லாம் சிமெண்ட். எல்லாம் மேஸ்திரியின் கரணை பட்டது. இவற்றில் ஒன்றைக்கூட அவர் நிஜத்தில் பார்த்ததில்லை.

பார்க்காததால் அவருக்கு அவற்றின்மேல் பிரமிப்பு இல்லை. உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசுவார்.

"சூயஸ் வெகுளி. இந்தக் கடலும் அந்தக் கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம். பூட்டு கிடையாது, சாவி கிடையாது. நேரா வா, நேரா போ. பனாமா அப்படியில்ல, மாடி வீட்டுக்காரன். இருபத்தாறு மீட்டர் படி ஏத்தி, ஏரியைச் சுத்திக் காட்டி, பெருமையெல்லாம் பேசி முடிச்சு, அப்புறம்தான் கீழ இறக்கிவிடுவான். கீல் இருக்கே, அது விசேஷ வீடு. எப்பப் பாத்தாலும் யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க."

"கொரிந்து?"

"அது பாவம் சார். எந்தக் காலத்துலயோ ஒரு ராஜா தங்கக் கோடாலியால மொத கொத்து கொத்தினானாம். வேலை முடிய ஆயிரத்தெண்ணூறு வருஷம் ஆச்சு. முடிஞ்ச கொஞ்ச காலத்துலயே பாத்தா, பெரிய கப்பல் எதுவும் உள்ள நுழையல. அளவு எடுக்காம வேலை ஆரம்பிச்சா இப்படித்தான்."

அளவைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு கண்டிப்பு வரும். கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

புதிதாக வரும் கேப்டன்களிடம் ஒரு டீக்குப் பந்தயம் கட்டுவார். அட்லாண்டிக்கிலிருந்து பனாமா வழியாகப் பசிபிக் போகிற கப்பல், போய்ச் சேரும்போது புறப்பட்ட இடத்துக்குக் கிழக்கே இருக்குமா, மேற்கே இருக்குமா? பனாமா பக்கமே போகாதவர்கள் யோசிக்காமல் மேற்கே என்பார்கள். மேஸ்திரி கரையில் பதித்திருக்கும் திசைக்கல்லைக் காட்டுவார். அந்த இடத்தில் நிலம் வளைந்து படுத்திருப்பதால், கால்வாயின் பசிபிக் வாய்தான் கிழக்கே இருக்கிறது.

"மேக்கால போயிட்டு வரேன்னு வீட்டுல சொல்லிட்டுக் கிழக்கால போய் நிக்கிற ஆம்பளைங்க நிறைய பேரை எனக்குத் தெரியும். கால்வாயே அப்படிப் பண்ணினா யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்பார். டீ வரும். அடியைத் துடைத்துவிட்டுக் குடிப்பார்.

கையில் எப்போதும் ஒரு நீளக் கம்பு வைத்திருப்பார். கரையில் முட்டிக்கொள்ளும் கப்பல்களைத் தள்ளிவிட. சில வருடங்களுக்கு முன் நிஜ சூயஸில் ஒரு கண்டெய்னர்க் கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டு உலக வியாபாரமே ஆறு நாள் மூச்சடைத்துக் கிடந்தபோது, பயிற்சிக்கூடம் முழுவதும் தொலைக்காட்சி முன்னால் நின்றது. மேஸ்திரி மட்டும் உட்காரவில்லை, நிற்கவும் இல்லை. கடந்து போகிறபோது ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு கூட்டம்? நமக்கு வாரத்துக்கு ரெண்டு மாட்டுது. என்னைக் கூப்பிட்டிருந்தா கம்போட போயிருப்பேன்."

குளத்தில் நேரமும் சுருங்கும். அளவு இருபத்தைந்தில் ஒன்று என்றால், நேரம் ஐந்தில் ஒன்று. நிஜக் கால்வாயின் ஒரு மணி நேரம் இங்கே பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கேப்டன்களுக்குப் பயப்படக்கூட நேரம் கிடைக்காது. மேஸ்திரி இந்தக் கணக்கைக் குளத்தோடு விடவில்லை. அரை மணிச் சாப்பாட்டு இடைவேளையை "ரெண்டரை மணி நேர ஓய்வு" என்பார். முப்பது வருட வேலையை "நூத்தம்பது வருஷ சர்வீஸ்" என்பார்.

போன வருடம் மனைவியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டாக்டர், ஆறு வாரம் என்றார். மேஸ்திரி உள்ளே போய், "முப்பது வாரம்" என்றார். மனைவி சிரித்துவிட்டார்.

"இதுக்கும் குளத்துக் கணக்கா? அப்படியே இருபத்தஞ்சால பெருக்கிடுங்களேன். யாரு கேக்கப் போறா?"

ஏழு வாரம் இருந்தார். அதில் அந்த ஒரு வாரம் தன் கணக்கில் வந்தது என்று மேஸ்திரி இன்னமும் சொல்கிறார்.

மனைவி இதே பயிற்சிக்கூடத்தின் வரைபட அறையில் டிரேசராக இருந்தவர். பொறியாளர்கள் பென்சிலில் போட்டதை ஒளி ஊடுருவும் டிரேசிங் தாளில் மசியால் எடுத்து எழுதுகிற வேலை. அவருடைய கோட்டில் நடுக்கம் இருக்காது என்று சொல்வார்கள். அந்த அறையின் பெரிய மேசை இப்போதும் இருக்கிறது. அதன்மேல் ஈரமான எதையும் வைக்க யாருக்கும் அனுமதியில்லை. தண்ணீர் பாட்டிலை வைத்த ஒரு கேப்டனை மேஸ்திரி மேசையைவிட்டே விரட்டியிருக்கிறார். சுத்தக்காரர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சூயஸ் துண்டின் மேற்குக் கரையில், பாதித் தூரம் தாண்டியதும், ஒரு குடைவு இருக்கிறது. அரைவட்டமாக. அகலம் ஒன்று நாற்பது மீட்டர். நிஜக் கணக்கில் முப்பத்தைந்து மீட்டர். "இழுவைப் படகு ஒதுங்குமிடம்" என்று ஒரு தகரப் பலகை. பலகையில் மேஸ்திரியின் கையெழுத்து. பைலட்டுகளுக்கு அந்த இடம் பிடிக்கும். அதைப் பார்த்ததும் சுக்கானைத் திருப்ப ஆரம்பித்தால் அடுத்த வளைவில் முட்டாமல் போகலாம். யாராவது அதன் வரலாற்றைக் கேட்டால் மேஸ்திரி சொல்வார். ஆளுக்கு ஒரு வரலாறு. ஒருவரிடம் அது ஒட்டகங்கள் தண்ணீர் குடிக்க விட்ட இடம். இன்னொருவரிடம், திறப்பு விழாவுக்கு வந்த ராணியின் படகு திரும்புவதற்காக அவசரமாக வெட்டியது. உப்புத் தண்ணீரை ஒட்டகம் குடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

பயிற்சி முடித்துப் போன பைலட் ஒருவர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார்.

"மேஸ்திரி, நான் நெஜ சூயஸ்ல நாலு தடவை போயிட்டு வந்தேன். அந்த ஒதுங்குமிடத்தைக் காணோமே?"

மேஸ்திரி டம்ளரின் அடியைத் துடைத்தார்.

"மூடிட்டாங்களா? அடப்பாவிங்களா. எவ்வளவு வசதியா இருந்துச்சு."

இந்த ஆண்டு பயிற்சிக்கூடத்தின் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் குளத்தை முழுக்க அளந்தாக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. நிஜக் கால்வாயிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு மேல் விலகும் எதுவும் திருத்தப்பட வேண்டும். குழி என்றால் மூட வேண்டும். மேடு என்றால் செதுக்க வேண்டும். அளக்க ஆள் அனுப்பச் சொல்லி ஒரு நிறுவனத்துக்கு எழுதினார்கள். ஆற்றையும் துறைமுகத்தையும் அளக்கிற அந்த நிறுவனத்தில், அம்மா இறந்ததால் எட்டு மாதமாக அப்பாவின் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் இருந்தாள். பக்கத்திலேயே ஆள் இருக்கும்போது வேறு யாரை அனுப்புவார்கள்? மேஸ்திரியின் மகள் ஒரு திங்கட்கிழமை காலை கருவிகளோடு கேட்டில் வந்து நின்றாள்.

"வீட்டுக்குள்ளயே ஒற்றனை வெச்சிருக்காங்க" என்றார் மேஸ்திரி.

"அப்பா, ஒன்பதிலேர்ந்து அஞ்சு வரைக்கும் நான் உங்க பொண்ணு இல்ல. சொல்லிட்டேன்."

"சரிங்க மேடம்."

"மேடம்லாம் வேண்டாம்."

"அப்புறம் எப்படிக் கூப்பிடறது? பொண்ணும் இல்லேங்கறீங்க."

மேடத்தை அவர் முதலில் பனாமாவுக்கு அனுப்பினார். அங்கே மூன்று நாள். பிறகு கீல். கீலில் பாசி அதிகம், கவனமாக அளக்க வேண்டும் என்றார். கொரிந்தில் இரண்டு நாள் ஆகும் என்றார். அவள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது சூயஸ். அவள் போய்ப் பார்த்தபோது, மேற்குக் கரையில், ஒதுங்குமிடத்தை முழுக்க மறைத்துக்கொண்டு ஓர் எண்ணெய்க் கப்பல் கட்டிக் கிடந்தது.

"இதை நகர்த்துங்க."

"பேட்டரி செத்துப்போச்சு மேடம்."

"நேத்து ஓடிட்டு இருந்துச்சே."

"நேத்து உயிரோட இருந்துச்சு."

"எப்ப சரியாகும்?"

"சூயஸ்ல அதெல்லாம் சொல்ல முடியாது. அறுபத்தேழுல சண்டை வந்து ரெண்டு வாயையும் அடைச்சிட்டாங்க. நடுவுல இருக்குற ஏரியில பதினாலு கப்பல் மாட்டிக்கிச்சு. எவ்வளவு நாளு தெரியுமா? எட்டு வருஷம். மேல்தளமெல்லாம் மணல். அதுல இருந்தவங்க பொழுது போகாம சொந்தமா ஸ்டாம்பு வரைஞ்சு ஒட்டிக்கிட்டாங்க. அவங்க எட்டு வருஷம் இருந்தாங்க, நான் எட்டு நாள்தான் கேக்குறேன்."

மகள் அவர் கையிலிருந்த கம்பை வாங்கினாள். பத்து டன் கப்பல். கம்பைக் கரையில் ஊன்றி, உடம்பின் மொத்த எடையையும் அதன்மேல் போட்டு, ஒரே சீராகத் தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் விடவில்லை. ஒரு நிமிடம் கழித்துக் கப்பல் மனமில்லாமல் நகர்ந்தது. இப்படித் தள்ள அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெருமைப்படுவதா, கவலைப்படுவதா என்று அவர் முகத்துக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் திரையில் அளவுகளைக் கோத்தாள். கரையில் அரைவட்டம். அது கண்ணுக்கே தெரிவது. தெரியாத ஒன்றும் இருந்தது. தண்ணீருக்கு அடியில், கால்வாயின் சரிவில், ஒரு விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளக்கோடு. அதுவும் அரைவட்டம். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். சும்மா வட்டம் இல்லை. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்று நாற்பது.

மண் இடிந்தால் வட்டம் வராது. மனிதன் தோண்டினாலும் இவ்வளவு துல்லியமாக வராது. படத்தில் வட்டம் இருந்தால்தான் தரையில் வட்டம் வரும். குளம் கட்டியபோது வரைந்த படங்கள் ஒன்றுக்கு இருபது என்ற அளவில் இருந்தன. ஒன்று நாற்பதை இருபதால் வகுத்தாள். ஏழு சென்டிமீட்டர்.

வீட்டுக்குப் போனதும் நேராகச் சமையலறைக்குப் போனாள். வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். தட்டுகள் ஒத்துவரவில்லை. கிண்ணங்களும் இல்லை. எண்ணெய்ப் பாட்டில் ஐந்தரை. கடைசியாக, அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அம்மாவின் டம்ளர். அதன் அடி எழுபது மில்லிமீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

சின்ன வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த சண்டை ஒன்று உண்டு. "டம்ளரை வெச்சது யாரு?" என்பார் அப்பா. "கண்ணை வெச்சுக்கிட்டு எங்க போனீங்க?" என்பார் அம்மா. வாரம் ஒரு தடவையாவது வரும். என்ன டம்ளர், எங்கே வைத்தது என்று அவள் கேட்டதில்லை. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு டம்ளர் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

டம்ளரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்ன?"

"டம்ளர்."

"என்ன அளவு?"

"ஒரு டம்ளர் அளவு."

"அப்பா."

மேஸ்திரி டம்ளரை எடுத்து, காய்ந்திருந்த அடியைச் சட்டையால் துடைத்தார்.

"மணி அஞ்சுக்கு மேல ஆச்சா?"

"ஆறரை."

"அப்ப பொண்ணுகிட்ட சொல்லலாம்."

சொன்னார். சூயஸின் மேற்குக் கரை வருகிற ஆறாம் தாளை எடுத்து எழுதிக்கொண்டிருந்த டிரேசர், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாதவர், அடி நனைந்த டீ டம்ளரைத் தாளின்மேல் வைத்துவிட்டார். கரைக்கோட்டின்மேல். பாதி நிலம், பாதி தண்ணீர். டம்ளரை எடுத்தபோது மெல்லிய பழுப்பு வட்டம் ஒன்று தங்கிவிட்டது. துடைத்தார், போய்விட்டது என்று நினைத்தார். அந்தத் தாளை ஒளியில் வைத்து நீலப்பிரதி எடுத்தபோது, மசிக்கோடும் டீக்கோடும் ஒரே நீலத்தில் வந்தன. பிரதி மேஸ்திரியின் கைக்கு வந்தது. மேஸ்திரி கட்டினார்.

"ஒரு வட்டம் எதுக்குன்னு கேக்கத் தோணலையா?"

"கேட்டேன். என்னையே கேட்டேன். எதுக்கா இருக்கும்? இழுவைப் படகு ஒதுங்கறதுக்கா இருக்கும்னு பதில் வந்துச்சு."

"தண்ணிக்குள்ள விழுந்த பாதி?"

"கோடு இருந்துச்சு. ஆழம் காட்டற கோடா இருக்கும்னு ஒரு விரல் பள்ளம் எடுத்தேன். படத்துல இருக்குற கோட்டை விடக்கூடாது பாப்பா. அது தொழில்."

தண்ணீர் விடுவதற்கு முன் மேலதிகாரி காய்ந்த கால்வாய்க்குள் நடந்து பார்த்தார். படங்களைச் சுமந்துகொண்டு டிரேசரும் கூட வந்திருந்தார். அதிகாரி குடைவின் முன் நின்றார். டிரேசர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். முகத்தில் ரத்தம் இல்லை. இதென்ன என்று அதிகாரி கேட்டார். இழுவைப் படகு ஒதுங்குமிடம் என்றார் மேஸ்திரி. படத்தில் இருக்கிறதா என்றார் அதிகாரி. பிரித்துக் காட்டினார்கள். இருந்தது. அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார்.

"அம்மாவைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொன்னீங்களா?"

"இல்லம்மா. நான் நெஜமாவே அப்படித்தான் நம்பினேன். என் வாழ்க்கையில நான் நம்பிச் சொன்ன ஒரே பொய் அதுதான்." அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதிகாரி போனதும் உங்கம்மா நேரா என்கிட்ட வந்தா. நன்றி சொல்ல வர்றாளோன்னு நெனைச்சு நான் சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். 'உங்களுக்குக் கண்ணு தெரியாதா? டம்ளர் வட்டத்தைப் போய் கட்டி வெச்சிருக்கீங்களே!'ன்னா. நான் விடுவேனா? டம்ளரை வெச்சது யாருன்னேன்."

அதுதான் அவர்கள் பேசிய முதல் பேச்சு. பேச்சு முடியாததால் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

"மறுநாள்லேர்ந்து நான் டம்ளரைத் துடைக்க ஆரம்பிச்சேன். சும்மா, அவளைச் சீண்டறதுக்கு. அவ பாக்குற மாதிரி நின்னு துடைப்பேன். அவளுக்கு மூக்கு மேல கோவம் வரும். முப்பது வருஷம் சலிக்காம வந்துச்சு."

அவர் துடைப்பதை மகள் கடந்த எட்டு மாதமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கோபப்பட ஆளில்லாமல் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"கடைசி வாரம்," என்றார் மேஸ்திரி, "ஆஸ்பத்திரில, வழக்கம்போல இழுத்தேன். இப்பவாவது ஒத்துக்கோ, தப்பு யாரோடதுன்னு கேட்டேன். திருப்பி ரெண்டு குடுப்பான்னு பாத்தேன். 'சரி, என்னோடதுதான்'னுட்டா. முப்பது வருஷத்துல மொத தடவை. அப்பதான் எனக்கு பயம் வந்துச்சு."

மறுநாள் காலை மகள் அறிக்கையைக் கொடுத்தாள். அளவு அளவுதான், அதில் ஒரு மில்லிமீட்டர்கூட மறைக்க அவளுக்குத் தெரியாது. குடைவைக் கான்கிரீட்டால் மூட உத்தரவு வந்தது. வெளியிலிருந்து ஒப்பந்த மேஸ்திரிகள் வருவார்கள். புதன்கிழமை. பைலட்டுகள் முணுமுணுத்தார்கள். பயிற்சிக்கூடத்தின் தலைவரான பெரிய கேப்டன், "எங்க திரும்பணும்னு இனிமே எனக்கே தெரியாதே" என்றார். ஆனால் சான்றிதழ் வேண்டும்.

மேஸ்திரி இரண்டு நாள் யாரையும் கிண்டல் செய்யவில்லை. கொரிந்துக்குப் போகவில்லை. புதுக் கேப்டன் ஒருவர் தானாகவே வந்து, பனாமா எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். "கிழக்கே" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி நடந்தார். பந்தயம் இல்லை, டீ இல்லை. பெரிய கேப்டன் மகளிடம் வந்து, "உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மகள் அவரை வரைபட அறைக்குக் கூப்பிட்டாள். பெரிய மேசையில் புதிய ஆறாம் தாள் விரித்திருந்தது. மேற்குக் கரை நேராக, ஒரே கோடாக ஓடியது. பக்கத்தில் ஒரு படிவம்.

"கட்டினவர் கையெழுத்து வேணும்" என்றாள். "அப்புறம் இந்தக் கட்டம் காலியா இருக்கு. விலகலுக்குக் காரணம்."

மேஸ்திரி படிவத்தைப் பார்த்தார்.

"உங்கம்மா பேரை எழுதலாமா?"

"அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே."

"ஆமா, ஒத்துக்கிட்டா. அதான் இப்ப என் முறை. எழுதுங்க மேடம். காரணம், மேஸ்திரியின் கவனக்குறைவு."

அவள் எழுதினாள். அவர் புதிய தாளின்மேல் குனிந்தார்.

"இது எந்த அளவு?"

"ஒன்னுக்கு இருபது."

"இப்பல்லாம் ஒன்னுக்கு ஐம்பதுலதானே போடுவீங்க?"

"பழைய அளவுலயே போட்டுட்டேன்."

"ஓஹோ." அவர் கரையின்மேல் விரலை ஓட்டினார். "இது எப்படி அந்த மேஸ்திரிங்ககிட்ட போகும்?"

"நீங்க கையெழுத்து போட்டதும் ஸ்கேன் பண்ணி அனுப்புவேன்."

"கலர்லயா?"

"கறுப்பு வெள்ளை. அவங்களுக்குக் கோடு தெரிஞ்சா போதும்."

"படத்துல இருக்குற கோடெல்லாம் கட்டுவாங்களா?"

"கட்டித்தான் ஆகணும். கேள்வி கேக்க மாட்டாங்க."

"நல்ல மேஸ்திரிங்க."

மகள் ஃபிளாஸ்கைத் திறந்தாள். வீட்டிலிருந்து அம்மாவின் டம்ளரைக் கொண்டுவந்திருந்தாள். எப்போதும் அளவாக ஊற்றுகிறவள், அன்றைக்கு விளிம்பு வழிய ஊற்றினாள். டீ டம்ளரின் பக்கமெல்லாம் வழிந்து அடியில் கூடிச் சொட்டியது. அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, குளத்தில் யாரோ கீல் வளைவில் மாட்டிக்கொண்டதைப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணாடியில் அறை முழுக்கத் தெரிந்தது.

மேஸ்திரி முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு நிதானமாக டீயைக் குடித்தார். குடித்து முடித்ததும் இடது கை தானாகச் சட்டை ஓரத்துக்குப் போனது. துணியைப் பிடித்தது. கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தது. பிறகு விட்டது.

அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி அளவு பார்த்து, பாதி நிலத்திலும் பாதி தண்ணீரிலும் படுகிற மாதிரி டம்ளரை மேற்குக் கரைமேல் வைத்தார். முத்திரை குத்துவதுபோல் லேசாக அழுத்தி ஒரு திருகு திருகினார்.